அம்மா என் காதில் கூவிய மார்கழி

நம்மோடு படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு எதற்கோ விண்ணப்பித்து, அது கிடைக்காமல் இந்தப் படிப்புக்கு வந்தவர்கள். நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னதுதான். நான் அப்படி வரவில்லை. கலந்தாய்வில் திரையில் ஓடிய படிப்புகளின் நடுவே 'பேச்சு, குரல் சிகிச்சை' என்று பார்த்ததும் இதுதான் வேண்டும் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தையே முடித்ததில்லை. அதனால் ஏன் என்று கேட்கவும் ஆள் இல்லை. அப்பா வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். "கெடச்சிடுச்சாம்மா?" என்றார். கிடைத்துவிட்டது என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை.

ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள்தான் இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறீர்கள். நாமும் முப்பதைத் தொட்டுவிட்டோம். பேச்சுக்கு நடுவே 'அப்பல்லாம்' என்று வர ஆரம்பித்துவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

அம்மா கோலமாவு விற்றாள். பட்டாபிராம் பக்கம், நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா லாரியில் லோடுமேன். லாரி எங்கே போகிறதோ அங்கே போவார், வரும்போது வருவார். புருஷன் விட்டுப்போன அத்தை, அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். பம்ப் செட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை அவளுக்கு. அம்மாவின் தள்ளுவண்டியில் ஒரு மூட்டை வெள்ளை மாவு, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கலர் மாவு, துளை போட்ட கோல அச்சுகள், அளப்பதற்கு நசுங்கிய அலுமினியப் படி ஒன்று. அந்தப் படி இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதன் விளிம்பில் மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் கண்ணாடித் தூள் மாதிரி மினுமினுக்கும்.

அம்மாவின் குரல் இனிமையான குரல் இல்லை. வெயிலில் கிடக்கும் தகரத்தைத் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஆனால் வண்டிக்கு ஒரு தெரு முன்னால் அது வந்துவிடும். இரண்டு தெருவில் ஒரே வரியைக் கூவ மாட்டாள். குடிசை மாற்று வாரிய வீடுகள் இருக்கும் பக்கம், "வாசலு காத்துகினு கீது, மாவு வந்துகினு கீது!" என்பாள். மாடிவீட்டுத் தெருவில் 'கோ' என்ற ஒரே எழுத்தை மேலே ஏற்றி, மூன்றாவது மாடிக்குப் போனதும் 'லமாவே' என்று மெல்ல இறக்கிவிடுவாள். இறங்கி வருவதற்கு ஜனங்களுக்கு நேரம் வேண்டுமாம், அதுவரை குரல் அங்கேயே நிற்க வேண்டுமாம்.

டிஃபன்ஸ் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில்தான் அவளுக்கு உற்சாகம். அங்கே எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் வாசலில், "ஏனுங்க அம்மிணி, மாவுங்க" என்பாள். திருநெல்வேலி அக்கா வீட்டுக்கு வந்ததும், "எக்கா, மாவு வந்துட்டுல்லா" என்று இழுப்பாள். அந்த அக்கா கதவைத் திறந்துகொண்டே சிரிப்பார்.

"ஏ, ஒனக்கு எங்கூர்ல எந்தத் தெரு?"

"நான் திருவள்ளூரத் தாண்டுனதே இல்லக்கா. எல்லாம் ஒங்ககிட்ட திருடுனதுதான்."

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மழை விட்டதும் அம்மாவின் குரல் உடைந்தது. முதலில் மேலே ஏறும்போது வழுக்கியது. பிறகு பாதி வார்த்தை சத்தமாகவும் பாதி வெறும் காற்றாகவும் வந்தது. அத்தை சித்தரத்தை, மிளகு, பனங்கல்கண்டு எல்லாம் இடித்துக் கொடுத்தாள். கேட்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். பின்னால் வரிசை வாசல் வரை நின்றது. சின்ன வயது டாக்டர் அம்மாவின் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தார். உள்ளே தடிப்பு இருக்கிறது, பொங்கல் வரை தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், சத்தம் போடவே கூடாது என்றார். அடங்கவில்லை என்றால் ஆபரேஷன், அதற்குப் பிறகும் பழைய குரல் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். அதற்குள் அடுத்தவர் வந்து நாற்காலியில் பாதி உட்கார்ந்துவிட்டார்.

மார்கழி வரப்போகிறது. கோலமாவு விற்பவளுக்கு அது என்ன மாதம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரயிலில் திரும்பும்போது அத்தை யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். "சத்தம்தானே போடக் கூடாது? ரகசியமா பேசிக்கலாம் அண்ணி. தொண்டைக்கு வேலையே இல்ல, காத்துதானே." அம்மா தலையை ஆட்டினாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. யாருக்குத்தான் படாது? மெதுவாக நடந்தால் காலுக்கு ஓய்வு, மெதுவாகப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு.

அன்றிலிருந்து அத்தை காவல் காத்தாள். அம்மா கொஞ்சம் குரலெடுத்தால் போதும், கரண்டியால் தட்டில் ஒரு தட்டு. "அண்ணி! ரகசியம்!" அவள் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒருவர் கிசுகிசுத்தால் மற்றவரும் கிசுகிசுப்பது மனித சுபாவம். நாங்கள் எல்லோருமே கிசுகிசுக்க ஆரம்பித்தோம். லாரியிலிருந்து வந்த அப்பா வாசலில் நின்று, "சோறு கீதா?" என்று காற்றில் கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்கடி, குடும்பமே சேந்து யாருக்கு சூனியம் வெக்கிறீங்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் சத்தம் வரும் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. சத்தமில்லாமல் சிரிக்கும் ஒரு ஆளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு ஏனோ அழுகை வந்தது.

வண்டிக்கு அத்தை ஒரு மணி வாங்கி வந்தாள். பித்தளை மணி, மரக் கைப்பிடி, அடித்தால் கணீரென்று இருக்கும். அம்மா ஒரே ஒரு நாள் அடித்துப் பார்த்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஐஸ் வண்டி என்று ஓடி வந்து, மாவைப் பார்த்ததும் முகம் செத்துத் திரும்பின. சாயங்காலம் மணியைப் பரணில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ வாடி," என்று காற்றில் சொன்னாள். "மணிக்கு இன்னா தெரியும் எந்த ஊட்ல யாரு கீறாங்கன்னு?"

பள்ளி விட்டதும் பையை வைத்துவிட்டு நான் வண்டியோடு போனேன். அரையாண்டு லீவு விட்ட பிறகு காலையிலும் போனேன். முதல் நாள் அம்மா மாதிரியே கூவினேன். அதே 'கோ', அதே இழுப்பு. ஒரு கதவும் திறக்கவில்லை. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டிருந்த ஒரு பையன், "பூன கத்துது மாமே" என்றான். அவமானத்தில் வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அம்மாவும் குனிந்தாள். என் காதை முடியிலிருந்து விலக்கினாள். அந்த மூச்சின் சூடு இப்போதும் காதில் இருக்கிறது. சித்தரத்தை வாசனை, மிளகுக் காரம், மார்கழிக் குளிரில் ஒரு சின்ன அடுப்பு மாதிரி.

"என்னிய மாதிரி கத்தாத. நான் மாடியப் பாத்துக் கத்துவேன். நீ குள்ளம், ஜன்னலப் பாத்துக் கத்து. வவுத்துலேந்து எடு. மச்சப்பட்ட ஊடு இருக்குதே, அங்க புதுசா மருமவ வந்துகீது. இத்த சொல்லு."

சொன்னேன். "பதினஞ்சு புள்ளி வெச்சுப் பாரு! மாமியாரு வாயி தானா மூடும், கோலமாவே!"

மச்சம் என்று அவள் சொன்னது பாசி படிந்த அந்தப் பச்சைச் சுவர். ஜன்னல் படாரென்று திறந்தது. வந்தது மருமகள் இல்லை, மாமியார். நான் ஓடத் தயாரானேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எவ்ளோ கொழுப்பு பாரு இதுக்கு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, வந்து படி நெறைய வாங்கு! பதினஞ்சு புள்ளி வெச்சுடு, நானும் மூடிப் பாக்கறேன்!"

அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு வாசலுக்கும் என் காதில் ஒரு வரி போட்டாள். நாய் இருக்கும் வீட்டுக்கு, நாய் படுத்தாலும் அழியாத மாவு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, விடியலில் கோலம் போட எழுந்தால் வீடே எழுந்துகொள்ளும் என்று ஒன்று. சத்தமாகக் கூவிய நாட்களில்கூட அவள் இத்தனை வரி கட்டியதில்லை. நடந்துகொண்டே உதடு அசைத்துக்கொண்டிருப்பாள். திடீரென்று என் தோளைப் பிடித்து நிறுத்தி, குனிந்து, ஊதுவாள். ஊதியதை நான் வெளியே விடுவேன். ஒரு தெருவில் என் பின்னாலேயே பிள்ளைகள் வரிசையாக வந்தன. குவார்ட்டர்ஸில் திருநெல்வேலி அக்கா, "உங்கம்மா ஒன் தொண்டைக்குள்ள ஒளிஞ்சுகிட்டு இருக்காளா?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை.

குவார்ட்டர்ஸின் கடைசி வரிசையில் ஒரு டீச்சர் இருந்தார். எங்கள் பள்ளியில் இல்லை, வேறு எங்கோ. ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார். மாவு வாங்க இல்லை.

"பத்து வயசுப் பிள்ளைய தெருத்தெருவா கத்த விட்டுட்டு நீ வாயத் திறக்காம வர்ற. உனக்கு வெக்கமா இல்ல? கேக்கறேன்ல, பதில் சொல்லு!"

அவர் நினைத்தது ஒரு வகையில் நியாயம்தான் என்று இப்போது தெரிகிறது. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அம்மா சோம்பேறி, நான் பலியாடு. அம்மா கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். டீச்சருக்குப் புரியவில்லை. நாடகம் என்று நினைத்தார். அம்மா சட்டென்று குனிந்து என் காதில் ஒரு பதிலைப் போட்டாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். டீச்சரின் கோலத்தைப் பற்றியும் புருஷனைப் பற்றியும் ஒரே வரியில் இருந்தது.

வாயைத் திறந்தேன். அது வரவில்லை. வந்தது வேறு.

"எங்கம்மா தொண்ட தூங்குது டீச்சர். எழுப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு. அதான் நான் முழிச்சிகினு கீறேன்."

டீச்சர் அம்மாவின் கழுத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணம் எடுத்து வந்து நீட்டினார். அம்மா அளந்து போட்டாள். கேட் சாத்திய பிறகு வண்டியைத் தள்ளாமல் என்னையே பார்த்தாள்.

"அத்த நான் சொல்லலியே."

"இல்ல."

"யாரு சொன்னது அப்ப?"

"தெரிலமா. தானா வந்துச்சு."

அம்மா வண்டியைத் தள்ள ஆரம்பித்தாள். தெருமுனையில் நின்று, "அடுத்த தெரு நீயே கட்டிக்கோ," என்று காற்றில் சொன்னாள். "நான் கேட்டுகினு வரேன்."

லீவு முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பில் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். வயிற்றிலிருந்து எடுத்து வாசித்தேன். பக்கத்து வகுப்பிலிருந்து சார் எட்டிப் பார்த்தார். "மெதுவா வாசிம்மா, இது சந்தை இல்ல" என்றார் எங்கள் டீச்சர். வகுப்பே சிரித்தது. நான் உட்காரவில்லை. அதே சத்தத்தில் பாடத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பொங்கல் போனது. அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று அவள் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, அம்மாவின் தொண்டைக்குழியில் விபூதி பூசினாள். "வாசல்ல நின்னு கூவு அண்ணி. தெருவே ஓடியாரட்டும்." பக்கத்து வீட்டு அக்காவும் வந்து நின்றாள். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, மூன்றாவது மாடியைப் பார்ப்பது போல் முகத்தைத் தூக்கினாள். எங்கள் தெருவில் மாடியே கிடையாது.

'கோ' வரவில்லை. முதலில் காற்று வந்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. சிமெண்டுத் தரையில் பலகையை இழுக்கிற மாதிரி, தடித்து, தாழ்ந்து, நடுவில் அறுந்து அறுந்து. தெருவில் போன சைக்கிள்காரர் திரும்பி, யார் என்று ஆண்களைத் தேடினார்.

அம்மா வாயை மூடினாள். செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டாள். உள்ளே போய் அரிசி களைந்தாள். அத்தைதான் ஓவென்று அழுதாள். அம்மா வந்து அவள் முதுகைத் தடவி, அந்தப் புதுக் குரலில் சொன்னாள். "விடு. இதுவாச்சும் மிஞ்சிச்சே. நீ காவல் காத்ததால மிஞ்சிச்சு."

ஆபரேஷனுக்கு அவள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வருடத்துக்குப் பிறகு வண்டியும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போனாள். அங்கே யாரையும் கூவிக் கூப்பிட வேண்டியதில்லை. போனில் பேசினால் எதிரே இருப்பவர்கள் "சொல்லுங்க சார்" என்பார்கள். அவளும் சாராகவே பேசி முடித்துவிடுவாள்.

இனி நீங்கள் அறிந்த இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் வருடம், மதிய வகுப்பு, மின்விசிறி தட்டிக்கொண்டு ஓடிய அந்த நீள அறை. மேடம் பலகையில் எதுவும் எழுதவில்லை, போகிற போக்கில் சொன்னார். குரல் கெட்டவர்கள் செய்யும் பெரிய தவறு கிசுகிசுப்பது. ஓய்வு என்று நினைத்துக்கொண்டு செய்வார்கள். அழுத்திக் கிசுகிசுக்கும்போது தொண்டை இறுகுகிறது, புண்பட்ட இடம் ஆறுவதற்குப் பதில் இன்னும் சிரமப்படுகிறது. ஓய்வு என்றால் பேசாமல் இருப்பது, அல்லது மெல்லிய சாதாரணக் குரலில் கொஞ்சமாகப் பேசுவது. நீங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டீர்கள். நான் பேனாவை வைத்துவிட்டேன். என் பக்கத்தில் இருந்தவள் தலைவலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அம்மாவின் குரல் அதனால்தான் போனது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தூசி இருந்தது, வருடக்கணக்கான கூவல் இருந்தது. ஆனால் அந்த மார்கழி முழுக்க அவள் என் காதில் ஊதிய ஒவ்வொரு வரியையும் நான் மறுபடி கேட்டேன். தெரு இரைச்சலில் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அவள் எவ்வளவு அழுத்தி ஊதினாள் என்பதையும் கேட்டேன். நோயாளிகள் முன்னால் நான் தயங்காமல் பேசுகிறேன், புதிது புதிதாகப் பயிற்சி கட்டுகிறேன் என்று நீங்கள் சொல்வீர்கள். அது எங்கே கட்டப்பட்டது, எதைக் கரைத்துக் கட்டப்பட்டது என்று எனக்குத் தெரிந்துபோனது.

பல வருடம் அம்மாவிடம் சொல்லவில்லை. போன மார்கழியில் சொன்னேன். லீவுக்குப் போயிருந்தேன். வாசலில் அவள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பேட்டரி ஒலிபெருக்கி கட்டிய ஒரு வண்டி, பதிவு செய்த குரலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனது. அம்மா நிமிர்ந்து பார்த்து, "எல்லா ஊட்டுக்கும் ஒரே பேச்சு பேசுது பாரு," என்றாள். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சாதாரணமாகக் கொஞ்சம் பேசியிருக்கலாம், இல்லை, பேசாமலே இருந்திருக்கலாம்.

அம்மா விரலிடுக்கில் மாவு வழிய வழியக் கேட்டாள்.

"நெசமாவா?"

"ஆமாம்மா."

"பேசாமலே இருந்திருக்கணுமா?" வைத்த புள்ளிகளை ஒருமுறை பார்த்தாள். "அப்ப ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பாங்க?"

அதற்குள் அத்தை காபி டம்ளரோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கோலம் பார்க்க நின்றிருந்தாள். அம்மாவின் குரலைக் கேட்டு அந்தப் பெண் முழித்ததைப் பார்த்து, அத்தை எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"இந்தக் குரலாவது கீதுன்னா அதுக்கு நான்தாம்மா காரணம். கரண்டிய வெச்சுகினு ஒக்காந்திருந்தேன். ஒரு வார்த்த சத்தமா பேச விட்டனா? கேளு எங்க அண்ணிய!"

அந்தப் பெண் அத்தையை மரியாதையாகப் பார்த்தாள். அத்தை டம்ளரை அம்மாவிடம் நீட்டினாள். முகத்தில் அத்தனை நிறைவு.

"ஆமாமா," என்றாள் அம்மா. "இவ இல்லன்னா நான் ஊமைதான்."

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். என் பக்கம் சரிந்து, காதின் மேல் கிடந்த முடியை மாவு ஒட்டிய விரலால் விலக்கினாள். அதே சூடு.

"அவகிட்ட சொல்லாத," என்று கிசுகிசுத்தாள்.

கிசுகிசுக்காதீர்கள் என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறேன். அன்றும் அது நாக்கு நுனி வரை வந்தது. அத்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.